காருக்கு வைஃபை: பார்க்கிங்கில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகள்

எனக்குத் தொழில் நெட்வொர்க் கேபிள் இழுப்பது. அலுவலகம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று போய் வைஃபை போட்டுக்கொடுப்பேன். குடியிருப்பது மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடியில். எங்கள் பிளாக்கில் முதல் எலக்ட்ரிக் கார் வந்தபோது எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். இப்போது பதினொன்று நிற்கின்றன. வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது யாராவது ஒருவர், "தம்பி, ஒரு நிமிஷம்" என்று காருக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுகிறார். கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன்.

எலக்ட்ரிக் காருக்கு எதுக்கு வைஃபை? ஓடுறது பேட்டரியிலதானே?

ஓடுவதற்கு வேண்டாம். வைஃபை முகமே பார்க்காமல் வருஷக்கணக்கில் ஓட்டலாம். அது வேண்டியிருப்பது முக்கியமாக ஒரு வேலைக்கு: காரின் மென்பொருளைப் புதுப்பிக்க. பேட்டரியைச் சூடாகாமல் பார்த்துக்கொள்வது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எவ்வளவு மின்சாரத்தைத் திருப்பி எடுப்பது, இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கணக்கிட்டுக் காட்டுவது எல்லாம் மென்பொருள் செய்கிற வேலை. கம்பெனி அதைத் திருத்தினால், சர்வீஸ் சென்டர் பக்கம் போகாமலே கார் அதை இறக்கிக்கொள்ளும். ஓர் அப்டேட் சில நூறு எம்பியிலிருந்து சில ஜிபி வரை இருக்கும்.

அடுத்தபடியாகப் பாட்டும் வீடியோவும். சார்ஜ் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். இதெல்லாம் புது பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும். ஆனால் பெட்ரோல் கார்க்காரர் யாரும் இதுவரை என்னை நிறுத்திக் கேட்டதில்லை.

கார்ல ஏற்கெனவே சிம் இருக்குன்னு ஷோரூம்ல சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு இது?

இந்த ஒரு பதிலைப் பொறுமையாகப் படித்துவிட்டால் மீதிப் பாதி தானாகப் புரியும். காருக்கு வெளியுலகத்தோடு பேச மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உள்ளேயே பதித்து வைத்த இ-சிம். இரண்டு, வைஃபை. மூன்று, போனோடு பேசும் புளூடூத். நம் ஆட்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, எது வேலை செய்யாவிட்டாலும் "நெட் இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள்.

போன் ஆப்பில் லாக் பட்டனை அழுத்தினால், அந்தக் கட்டளை கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து டவர் வழியாகக் காரில் இருக்கும் சிம்முக்கு வரும். கார் நேர் கீழே நின்றாலும் அதே சுற்றுதான். ஆகவே ஆப் சரியாக வேலை செய்யவில்லை என்றால் வீட்டு ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை. அந்த சிம்மில் ஓடும் டேட்டாவுக்குக் காசு கட்டுவது பெரும்பாலும் கார் கம்பெனி, அதுவும் சில வருஷங்களுக்குத்தான். பிறகு சந்தா கேட்பார்கள். அதனால்தான் பல கம்பெனிகள் சின்னச் சின்ன வேலைகளை சிம்மில் விட்டுவிட்டுப் பெரிய கோப்புகளை உங்கள் வைஃபை தலையில் கட்டப் பார்க்கின்றன. டெஸ்லா இதில் வெளிப்படை: அப்டேட்டுக்கு வைஃபையில் இணையுங்கள் என்று கையேட்டிலேயே சொல்கிறது. மஹிந்திரா 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகப்படுத்திய பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களில் 5ஜி மோடம், வைஃபை 6 இரண்டுமே உண்டு என்று அறிவித்தது. இருக்கிற வழிகளில் எதில் எது போகும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

நெட் இல்லேன்னா சார்ஜ் ஏறாதா?

ஏறும். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போடுகிறவருக்கும் சரி, சுவரில் 7 கிலோவாட் பெட்டி மாட்டியவருக்கும் சரி, மின்சாரம் இருந்தால் போதும். வெளியில் இருக்கும் வேகச் சார்ஜர்களில், நம் நாட்டில் வழக்கமான சிசிஎஸ்2 வகையில், காரும் சார்ஜரும் பேசிக்கொள்வது அந்தத் தடி கேபிளின் உள்ளேயே. எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர், எப்போது நிறுத்துவது எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். வைஃபைக்கு அங்கே வேலையில்லை.

ஹைவேயில் "சார்ஜர் ஆஃப்லைன்" என்று வந்து மாட்டிக்கொள்வது வேறு கதை. அங்கே நெட் தேவைப்படுவது சார்ஜருக்கு. உங்கள் கணக்கைச் சரிபார்த்துக் காசு எடுக்க அது தன் சர்வரோடு பேசியாக வேண்டும். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் காட்டினாலும் அது மசியாது.

சரி, எப்படித்தான் கனெக்ட் பண்றது?

போனில் செய்வது போலத்தான். காரை ஆன் செய்து கியரைப் பார்க்கிலேயே (P) வைத்துக்கொண்டு, திரையில் செட்டிங்ஸ், அதில் கனெக்டிவிட்டி அல்லது நெட்வொர்க், அதில் வைஃபை. உங்கள் ரவுட்டர் பெயரைத் தொட்டுக் கடவுச்சொல்லைப் போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம். கார் திரையின் கீபோர்டில் கை நழுவித் தப்பாக அடிப்பது சகஜம். முதல் தடவை "இணையவில்லை" என்றால் பத்துக்கு ஏழு தடவை அதுதான் காரணம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில கார்களில் வைஃபை என்ற மெனு இருக்கும், ஆனால் அது வெளி வைஃபையோடு சேர்வதற்கானதாக இருக்காது; கார் தானே ஹாட்ஸ்பாட்டாக மாறிப் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு நெட் கொடுப்பதற்கோ, ஐபோனின் மேப்பையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் கார்ப்ளே வயர் இல்லாமல் ஓடுவதற்கோ மட்டும் இருக்கும். அந்த மாதிரி காரில் வீட்டு ரவுட்டர் பெயரை ஒரு மணி நேரம் தேடினாலும் வராது. மெனுவில் சுற்றியிருக்கும் நெட்வொர்க்குகளின் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

போன்ல வைஃபை பேர் தெரியுது, கார்ல மட்டும் தெரியவே மாட்டேங்குதே?

போனில் தெரிந்தால் காரிலும் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காரின் திரைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், கார் விற்பனைக்கு வருவதற்குச் சில வருஷம் முன்பே முடிவு செய்யப்பட்டது. உங்கள் கையில் இருக்கும் போனைவிட அது பழசாக இருக்கலாம். ரவுட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டும் ஒலிபரப்பினால், 2.4 மட்டுமே தெரிந்த காருக்கு அது கண்ணிலேயே படாது. இரண்டும் தெரிந்த காராக இருந்தாலும், 5-இல் நடுவில் இருக்கும் சில சேனல்களை, அதாவது ரேடார்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் 52 முதல் 144 வரையிலானவற்றை, சில கருவிகள் கண்டுகொள்வதில்லை. ரவுட்டரில் சேனலை 36 அல்லது 149 என்று மாற்றிப் பாருங்கள்.

பெயரை மறைத்து வைத்திருந்தால் வெளியே காட்டிவிடுங்கள். மறைப்பதால் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. பெயர் தெரிந்து, கடவுச்சொல்லும் சரியாக இருந்து, அப்படியும் ஒட்டவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய திரைகள் முழிக்கும். டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ரவுட்டர்ல பேருக்குப் பின்னாடி 5ஜின்னு ஒண்ணு வருது. அது 5ஜி சிம்மா? அதுல போட்டா வேகமா இருக்குமா?

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மொபைல் 5ஜியில் ஜி என்றால் தலைமுறை. ரவுட்டர் பெயரில் இருப்பது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் 5 வேகம். நடுவில் சுவர் வந்தால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும், 2.4 கொஞ்சம் முட்டி மோதி வந்துசேரும். பார்க்கிங்கில் நிற்கும் காருக்கு நான் எப்போதும் 2.4-தான் போடுவேன்.

சில ரவுட்டர்களில் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் இருக்கும், ரவுட்டரே எது என்று முடிவு செய்யும். வீட்டுக்குள் நடமாடும் போனுக்கு அது நல்லது. சிக்னலின் ஓரத்தில் நிற்கும் காருக்கு அது தலைவலி. இங்கும் அங்கும் தாவி, தாவுகிற நேரத்தில் டவுன்லோடை விட்டுவிடும். காருக்கென்று 2.4-இல் தனிப் பெயர் வைத்துவிடுங்கள்.

நாங்க மூணாவது மாடி, கார் கீழ ஸ்டில்ட் பார்க்கிங்ல நிக்குது. எப்படிக் கொண்டுவர்றது?

சென்னையில் இதுதான் கேள்விகளுக்கெல்லாம் ராஜா. முதலில் அளந்து பார்க்க வேண்டும். எங்கள் பிளாக்கில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஹாலில் புது ரவுட்டர், மாதம் 300 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் கீழே கார் ஒரு வாரமாக அப்டேட்டை இறக்கிக்கொண்டே இருந்தது. போனில் சிக்னல் அளக்கும் இலவச ஆப் ஒன்றைத் திறந்து, அவரையும் கூட்டிக்கொண்டு ரவுட்டரிலிருந்து படியிறங்கினேன். ஹாலில் மைனஸ் 42. கதவைத் தாண்டியதும் 55. இரண்டாம் மாடித் திருப்பத்தில் 66. ஸ்டில்ட்டில் காருக்கு வெளியே 78. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் 84. மைனஸ் எண் ஆகையால் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம். 70-க்குள் இருந்தால் நிம்மதி, 80-ஐத் தாண்டினால் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. மூன்று கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி, அப்புறம் காரின் தகரக் கூடு. 300 எம்பிபிஎஸ் பிளானை 500 ஆக்கினால் சரியாகுமா என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கினால் கீழே ஒழுகும் குழாய் சரியாகிவிடுமா?

தீர்வு ஒன்றுதான், கேபிள். ரவுட்டரிலிருந்து ஒரு கேட்6 கேபிளை பிளம்பிங் டக்ட் வழியாகக் கீழே இறக்கி, பீமில் ஒரு சின்ன ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, மாட்டினோம். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். அவருக்கு 28 மீட்டர்தான் ஆனது. கரண்டையும் அதே கேபிளில் அனுப்பலாம் என்பதால் கீழே தனியாக பிளக் பாயிண்ட் கேட்டு அசோசியேஷனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காருக்குள் சிக்னல் 58 ஆனது, அப்டேட் அன்றைக்கு ராத்திரியே முடிந்தது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். டக்ட்டில் கேபிளை வெறுமனே தொங்கவிட்டிருந்தேன். ஒன்றரை மாதத்தில் பெருச்சாளி கடித்துப் போட்டது. இப்போது பிவிசி பைப்புக்குள் போட்டுத்தான் இறக்குகிறேன். மொட்டைமாடி வழியாக வெளிச்சுவரில் கேபிளைத் திறந்தவெளியில் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் ரவுட்டரும் சேர்ந்து போகும்.

கடையில மலிவா ரிப்பீட்டர் கிடைக்குதே, அதைக் கீழ மாட்டினா போதாதா?

ரிப்பீட்டர் தனக்கு வந்த சிக்னலைத்தான் திருப்பிக் கொடுக்கும். கீழே சிக்னல் சாகக் கிடக்கிற இடத்தில் மாட்டினால், அதைத்தான் பலமாகக் கத்திச் சொல்லும். காரில் கோடு நாலும் நிறைந்திருக்கும், உள்ளே ஒன்றும் நகராது. போன பதிலில் சொன்ன அளவின்படி பார்த்தால் அதை வைக்க வேண்டிய இடம் 66 வந்த அந்த மாடித் திருப்பம். அங்கே பிளக் பாயிண்ட் இருக்காது, இருந்தால் பொது மீட்டரில் இருக்கும். ஒற்றை அலையில் ஓடும் மலிவு ரிப்பீட்டர் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்பதால் வேகமும் பாதியாகும். தனி வீட்டில், போர்ட்டிகோவில் கார் நிற்கிறவர்களுக்கு இது நன்றாகவே உதவும். அவர்கள் கேபிளுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

போன் ஹாட்ஸ்பாட் போட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு?

முடியும், கணக்குப் பார்த்துப் போட்டால். 2 ஜிபி அப்டேட் ஒன்று, 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் அரை மணிக்குள் இறங்கிவிடும். உங்கள் பிளானில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான் என்றால், அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். அந்த வேகத்தில் முழு 2 ஜிபியையும் இறக்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். "அப்டேட் 74 சதவீதத்தில் நிற்கிறது, கார் கெட்டுவிட்டது" என்று ஓடி வந்தவரின் போனைப் பார்த்தால் டேட்டா தீர்ந்த மெசேஜ் காலையிலேயே வந்து கிடந்தது.

ஹாட்ஸ்பாட்டின் இன்னொரு நல்ல உபயோகம் சோதனை. கார் வீட்டு வைஃபையில் ஒட்டவில்லை, ஹாட்ஸ்பாட்டில் ஒட்டுகிறது என்றால் கார் நன்றாக இருக்கிறது, கோளாறு வீட்டுப் பக்கம். சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை மிச்சம்.

ஐபோன் ஹாட்ஸ்பாட் கார்ல தெரியல. ஒருவழியா தெரிஞ்சா, வண்டியை எடுத்ததும் கட் ஆகுது.

இரண்டு தனிப் பிரச்சினை. ஐபோன் 12-உம் அதற்குப் பிறகு வந்தவையும் ஹாட்ஸ்பாட்டை 5 ஜிகாஹெர்ட்ஸில் கொடுக்கப் பார்க்கும். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, போட்டால் 2.4-க்கு இறங்கிவிடும். முதல் தடவை கார் பிடிக்கும் வரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருங்கள். போன் பெயரில் மேற்கோள் குறி, இதயம், பூ எல்லாம் இருந்தால் எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக வையுங்கள். ஆண்ட்ராய்டிலோ, யாரும் சேரவில்லை என்றால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும் ஓர் அமைப்பு உண்டு, அதை நிறுத்திவிடுங்கள்.

வண்டியை எடுத்ததும் கட் ஆவது சில கார்களில் வேண்டுமென்றே வைத்தது. வீட்டு வைஃபையை விட்டு நகரும்போது அறுந்த இணைப்பைப் பிடித்துத் தொங்காமல் சிம்முக்கு மாற வேண்டும் அல்லவா? டெஸ்லாவில் அந்த நெட்வொர்க்கின் கீழ் "ரிமெய்ன் கனெக்டட் இன் டிரைவ்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டுக்கு அதைப் போடுங்கள், வீட்டு ரவுட்டருக்குப் போடாதீர்கள்.

வயர் இல்லாத கார்ப்ளே ஓடும்போது காருக்கு வைஃபை வரமாட்டேங்குது. ஏன்?

கார்ப்ளேயும் ஆண்ட்ராய்ட் ஆட்டோவும் வயர் இல்லாமல் ஓடும்போது, புளூடூத் அறிமுகம் செய்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். படமும் பாட்டும் போவது காருக்கும் போனுக்கும் நடுவே ஓடும் ஒரு தனி வைஃபையில். அதாவது கார் அந்த நேரம் ரவுட்டர் வேஷம் போட்டிருக்கிறது. ஒரே வைஃபை சிப் இருக்கும் காரால் அந்த வேஷத்தோடு உங்கள் வீட்டு வைஃபைக்கு விருந்தாளியாகவும் வர முடியாமல் போகலாம்.

வழி எளிது. அப்டேட் இறக்கும்போது போனைத் துண்டித்துவிடுங்கள், அல்லது கேபிளில் கார்ப்ளே போடுங்கள். மேப்பும் பாட்டும் போனின் சிம்மிலேயே ஓடுவதால், ஓட்டும்போது காருக்கென்று தனி நெட் பலருக்குத் தேவையே படாது. வைஃபையில் மாட்டியே ஆக வேண்டும் என்று அலைகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது, விட்டுவிடுங்கள் என்பதுதான்.

கனெக்டட்னு காட்டுது, ஆனா நெட் வரல.

வைஃபை வேறு, நெட் வேறு. காரும் ரவுட்டரும் கை குலுக்கிக்கொண்டன, ரவுட்டருக்கு வெளியில் வழி இல்லை. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஏதாவது திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் பிராட்பேண்ட்காரருக்குப் போன் போடுங்கள்.

போனில் வருகிறது, காரில் மட்டும் இல்லை என்றால் காரின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஓட்டுகிற பெரிய பேட்டரி போக, காரில் தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கி மாற்றிய பிறகு சில கார்களில் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய் நிற்கும். சர்வர் தரும் பாதுகாப்புச் சான்றிதழில் தேதி பொருந்தாததால் கார் பேச மறுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். தேதியைச் சரிசெய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ராத்திரி ரவுட்டர் லிஸ்ட்ல பாத்தா காரே காணோம். இணைப்பு போயிடுச்சா?

தூங்குகிறது. பூட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் கார் தன் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துவிடும், வைஃபையும் சேர்த்து. அப்படித் தூங்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆப்பைத் திறந்து திறந்து கார் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் ஒவ்வொரு தடவையும் அது விழித்துக்கொள்ளும். விழித்திருக்கும் கார் நின்ற இடத்திலேயே சார்ஜைத் தின்னும். புதுக் கார் வாங்கிய முதல் மாதம் "நிறுத்தி வைத்தாலே சார்ஜ் குறைகிறது" என்கிறவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆப்பைப் பார்க்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

அப்டேட் நடுவுல கரண்ட் போச்சுன்னா காரே செத்துடுமா?

இறக்குவதும் நிறுவுவதும் இரண்டு கட்டம். இறக்கும்போது கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், டவுன்லோடு நிற்கும், கரண்ட் வந்ததும் பொதுவாக விட்ட இடத்திலிருந்து தொடரும். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் கிடைக்கிறது, கரண்ட் அடிக்கடி போகிற ஏரியாவுக்கு நல்லது. நிறுவும்போது காரின் சொந்த பேட்டரியில்தான் வேலை நடக்கிறது. ஈபிக்கு அங்கே பங்கு இல்லை, வைஃபையும் தேவையில்லை. அந்த நேரத்தில் காரை ஓட்ட முடியாது என்பதுதான் முக்கியம். காலையில் விமானம் பிடிக்க வேண்டிய நாளில், "இப்போது நிறுவவா?" என்று திரை கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

ஹோட்டல் வைஃபை, மால் வைஃபை எல்லாம் கார்ல வேலை செய்யுமா?

பெரும்பாலும் இல்லை. அங்கே இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து போன் நம்பரும் ஓடிபியும் கேட்கும். அந்தப் பக்கத்தைத் திறக்கக் காரில் பிரவுசர் வேண்டும், பல கார்களில் அது கிடையாது. ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் சிலர் அலுவலக வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுப்பார்கள். அதில் போடுவதற்கு முன், கீழே ஹேக் பற்றிய கேள்வியையும் படித்துவிடுங்கள்.

வீட்டுல மாட்டின சார்ஜரும் வைஃபை கேக்குதே? காரை இணைச்சா போதாதா?

அது தனிக் கருவி, தனி இணைப்பு. எவ்வளவு யூனிட் போனது என்று காட்டவும், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பி என்று ஆப்பிலிருந்து சொல்லவும் அதற்கு நெட் வேண்டும். கார் வைஃபையில் இருப்பதால் சார்ஜருக்கோ, சார்ஜர் இருப்பதால் காருக்கோ ஒன்றும் கிடைக்காது. சார்ஜர்கள் பெரும்பாலும் 2.4-இல் மட்டும்தான் பேசும், ஆகவே காருக்காக வைத்த அந்தத் தனிப் பெயரிலேயே இதையும் சேர்த்துவிடலாம்.

அசோசியேஷன் பொதுவாக ஒரு சார்ஜர் போட்டு ஆளுக்கு ஆள் பில் போட நினைத்தால், அதை யாரோ ஒருவர் வீட்டு வைஃபையில் மாட்டாதீர்கள். அவர் ஊருக்குப் போகும்போது ரவுட்டரை அணைத்துவிட்டுப் போவார். எங்கள் பிளாக்கில் ஒரு பொங்கல் நான்கு நாளும் யாருக்கும் பில் பதியவில்லை. அந்தச் சண்டை இன்னும் வாட்ஸ்ஆப் குழுவில் ஓய்ந்தபாடில்லை.

வைஃபையில போட்டா ஹேக் பண்ணி காரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாமே?

பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2016-இல் மட்டும் மூன்று சம்பவங்கள். மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைப்ரிட்டில் போன் ஆப்புக்கு சிம் வழி கிடையாது. கார் தானே ஒரு வைஃபையைப் பரப்பும், போன் அதில் சேரும். அதன் கடவுச்சொல் குட்டையாகவும் எளிதாகவும் இருந்ததால் ஆய்வாளர்கள் அதை உடைத்து, திருட்டு அலாரத்தையே அணைத்துக் காட்டினார்கள். அதே வருஷம் நிஸான் லீஃப் ஆப்பின் சர்வர், காரின் அடையாள எண் தெரிந்தாலே யார் சொன்னாலும் ஏசியைப் போட்டது. அதில் வைஃபைக்குப் பங்கே இல்லை. சீனாவின் கீன் ஆய்வகம், போலி ஹாட்ஸ்பாட் ஒன்றில் சேர்ந்த டெஸ்லா மாடல் எஸ்ஸின் பிரேக்கைத் தூரத்திலிருந்து அழுத்திக் காட்டியது. டெஸ்லா பத்து நாளுக்குள் அதைச் சரிசெய்து, காற்றுவழி அப்டேட்டாகவே அனுப்பியது. அப்டேட் போடாமல் வைத்திருந்த கார்தான் ஆபத்தில் இருந்தது.

நம் அளவில் செய்ய வேண்டியது: ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும், காரையும் சார்ஜரையும் அதில் விடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரும் கேமராவும் அவற்றின் கண்ணில் படாது. கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபையைக் காரில் சேமித்து வைக்காதீர்கள். அதே பெயரில் யார் எங்கே கடை விரித்தாலும் கார் போய் ஒட்டிக்கொள்ளும்.

அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன். ஜப்பான்ல இருந்து வந்த பழைய லீஃப். இதை வைஃபையில போடேலுமோ?

எங்கள் பிளாக்கில் ஒருவரின் மைத்துனர் போனில் கேட்டது. 2014, 2015 வாக்கில் இலங்கைக்கு இப்படிப் பாவித்த லீஃப்கள் நிறைய வந்தன. அந்த முதல் தலைமுறைக் காரில் இணைய இணைப்பு உள்ளே இருக்கும் மோடம் வழியாகத்தான்; அது ஜப்பான் சேவைக்காக வைத்தது, இலங்கையில் ஊமை. ஜப்பானில் இருந்து வராதவற்றுக்கும் இந்தக் கதிதான் வந்தது: பிரிட்டனில் 2ஜி மூடப்போவதைக் காரணம் காட்டி, 2016-க்கு முந்தைய லீஃப்களுக்கான ஆப்பை நிஸான் 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வழி இருக்கிறது. ஸ்டீரிங் கீழே, மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் ஓபிடி துளையில் ஒரு குட்டி டாங்கிள் மாட்டி, போனில் லீஃப்ஸ்பை ஆப்பைப் போட்டால் செல் செல்லாகப் பார்க்கலாம். வைஃபை டாங்கிள் வாங்கினால் அது தன் பெயரில் ஒரு வைஃபையைப் பரப்பும், அதில் நெட் இருக்காது. போன் "இணையம் இல்லை" என்று புலம்பித் தானாக விலகப் பார்க்கும். இருந்தாலும் இணைந்தே இரு என்று சொல்லிவிடுங்கள். ஆப்பில் முகவரி பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000. வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் 12 வோல்ட் பேட்டரியை மெல்ல மெல்ல உறிஞ்சும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். கார்ல பழைய ஓனர் வீட்டு வைஃபை பேர் இன்னும் இருக்கு. பரவாயில்லையா?

அந்தப் பெயர் இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத்தான் நஷ்டம். அவர் வீட்டுக் கடவுச்சொல் உங்கள் காரில் இருக்கிறது. திரையில் ஃபேக்டரி ரீசெட் போட்டால் அது போய்விடும். ஆனால் இரண்டாம் கேள்வியில் சொன்ன மூன்று வழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ரீசெட்டில் போவது வைஃபையும் புளூடூத்தும். சிம்மும் ஆப்பும் கம்பெனி சர்வரில் பழைய ஓனரின் கணக்கில் அப்படியே இருக்கலாம். அவர் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், சில மாடல்களில் கதவையும் திறக்கலாம்.

அதனால் சாவி வாங்குகிற அன்று அவர் போனில் அந்த ஆப்பை அவரையே திறக்கச் சொல்லுங்கள். காரைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, நீங்கிவிட்டதைக் கண்ணால் பாருங்கள். உங்கள் போனில் உங்கள் பெயரில் சேர்த்து, ஒரு தடவை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.